ஒரே வீடு, ஒரே அரை மணி நேரம்: ஒரு பெர்சியனும் ஒரு பெங்காலும் – நிகழ்வு ஆய்வு

புகார் இரண்டு. ஆறு வயது பெர்சியன் ஆண் பூனை லட்டு, சில நாட்களாக லிட்டர் தட்டை (பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் தட்டு) விட்டுவிட்டுக் குளியலறை வாசலிலும் அழுக்குத்துணிக் கூடையிலும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கிறது. முந்தைய நாள் அதில் ரத்தச் சாயல் இருந்தது. இரண்டு வயது பெங்கால் ஆண் பூனை ராக்கி, லட்டுவைத் துரத்தித் துரத்தி அடிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தத் தொடங்கினால் விடியும்வரை யாரையும் தூங்க விடுவதில்லை. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. வீடு சென்னை ஓ.எம்.ஆர். பக்கம், ஒன்பதாவது மாடி, இரண்டு படுக்கையறை. கணவன் மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. கணவரின் அம்மாவும் கூட இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்திலிருந்து வந்தவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பூனைகளின் பெயர் உட்பட.

இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். திறந்ததும் ராக்கி வெளியே குதித்து மேசை, அலமாரி, தராசு என்று ஒரு சுற்று வந்துவிட்டது. லட்டு கூடையின் கடைசி மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போதே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

“டாக்டர், எக்சர்சைஸ் குறைச்சல்னு மட்டும் சொல்லாதீங்க. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் ரெண்டு பேரையும் ஓட வைக்கிறேன்” என்றார் கணவரான அந்த இளைஞர். பூனைக்கு நாளுக்கு முப்பது நிமிடப் பயிற்சி வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். சொன்னபடி செய்தும் இருக்கிறார், கைப்பேசியில் நேரம் வைத்து. இந்தக் கேஸை எழுதுவதற்குக் காரணமே அந்த அரை மணி நேரம்தான். இரண்டு பூனைகளின் தொல்லையும் அங்கிருந்துதான் கிளம்பியது.

முதலில் அவசரம்

ஆண் பூனை சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் மற்ற பேச்செல்லாம் அப்புறம். ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகியது. அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். லட்டுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பை சிறியதாக, மெத்தென்று இருந்தது. அடைப்பு இல்லை. இருந்திருந்தால் கல்போல உருண்டு நிற்கும், தொட்டாலே கத்தும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை, படிகம் இல்லை. ரத்த அணுக்கள் இருந்தன, சிறுநீர் ரொம்ப அடர்த்தி. ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் சுவர் லேசாகத் தடித்திருந்தது, கல் இல்லை. பெர்சியன் என்பதால் சிறுநீரகத்தையும் பார்த்தோம். பெர்சியன் பூனைகளில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதன் மரபணுவை 2004ல் கண்டுபிடிப்பதற்கு முன், பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்ததில் மூன்றில் ஒரு பெர்சியனுக்கு மேல் அது இருந்தது. லட்டுவுக்கு இல்லை, நல்ல வேளை.

ஆக, காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி என்ற முடிவுக்கு வந்தோம். ‘காரணம் தெரியாத’ என்பது நோயின் பெயரில் இருக்கும் அடைமொழி. எந்தப் பூனைக்கு இது வருகிறது என்பது நன்றாகவே தெரியும்: வீட்டுக்குள்ளேயே இருக்கும், எடை கூடிய, கூட இருக்கும் இன்னொரு பூனையோடு ஒத்துப்போகாத, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற நடுவயது ஆண் பூனைக்கு. மன அழுத்தம் ஏறும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும். வலி மருந்து கொடுத்தோம், ஈர உணவுக்கு மாற்றச் சொன்னோம். ஆன்டிபயாடிக் எழுதவில்லை. கிருமியே இல்லாதபோது அது எதற்கு?

லட்டுவின் எடை 6.2 கிலோ. உடல்நிலையை ஒன்பது புள்ளி அளவுகோலில் பார்ப்போம். ஐந்து என்றால் சரியான உடல். லட்டுவுக்கு எட்டு. விலா எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் கீறல்போலச் சுருங்கியிருந்தன. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சில் லேசான குறட்டைச் சத்தம். கடைக்காரர்கள் ‘பஞ்ச் ஃபேஸ்’ என்று சொல்லி அதிக விலைக்கு விற்பது இந்த முகத்தைத்தான். மூக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ அவ்வளவு விலை. ‘டால் ஃபேஸ்’ என்றால் கொஞ்சம் மூக்கு இருக்கும், விலையும் குறையும். எனக்கு இந்தக் கணக்கு எப்போதுமே தலைகீழாகத்தான் படுகிறது.

ராக்கியின் எடை 4.7 கிலோ, உடல்நிலை ஐந்து. இதய எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், சரியாக இருந்தது. பெங்கால் இனத்திலும் இதயத்தசை தடிக்கும் நோய் வருவதுண்டு. அதனால் அதிகமாக ஓட வைக்கும் திட்டம் எதுவும் போடுவதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது.

அந்த வீடியோ

பூனையின் நடத்தையைக் கிளினிக்கில் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அங்கே எல்லாப் பூனையும் பயந்த பூனைதான். ராத்திரி விளையாட்டை அப்படியே படம்பிடித்து அனுப்பச் சொன்னேன்.

இளைஞர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் லேப்டாப், ஒரு கையில் லேசர். சிவப்புப் புள்ளி தரையில் ஓடிச் சுவரில் ஏறுகிறது. ராக்கி அதன் பின்னாலேயே பாய்ந்து, சுவரில் ஆள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, அறைந்து, விழுந்து, மறுபடி எழும்புகிறது. லட்டுவும் ஓடுகிறது. மூன்று சுற்று. நான்காவது சுற்றில் செருப்பு அலமாரி அருகே மார்பைத் தரையில் பரப்பிப் படுத்துவிடுகிறது. வாய் திறந்திருக்கிறது, நாக்கு நுனி வெளியே தெரிகிறது, வயிறு ஏறி இறங்குகிறது. பின்னணியில் மனைவியின் குரல்: “பாரு, சிரிக்கிறான் லட்டு!” இதே காட்சியை ஸ்டேட்டஸிலும் போட்டிருந்தார்களாம்.

நாய் வாய் திறந்து மூச்சு வாங்குவது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் அதற்கு மூச்சு போதவில்லை என்று பொருள். படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறைவாகத்தான் மூச்சு விடும். குறுகிய மூக்கு, நீண்டு தொங்கும் அண்ணம், அடர்ந்த முடி, ஒன்றேகால் கிலோவுக்கும் மேல் அதிகக் கொழுப்பு, சென்னை மே மாதம். இத்தனையும் சேர்ந்த உடம்பை அரை மணி நேரம் ஓடவிட்டால் அது பயிற்சியாக இருக்காது. ஆபத்துதான்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வீடியோவின் கடைசிப் பகுதி. அவர் லேசரை அணைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்க்கிறார். ராக்கி சுவரை முகர்கிறது. சோபாவுக்கு அடியில் பார்க்கிறது. தரையை ஒரு முறை காலால் தோண்டிப் பார்க்கிறது. எதுவும் இல்லை. அப்புறம் தலை மெதுவாகத் திரும்புகிறது, செருப்பு அலமாரிப் பக்கம். உடம்பு தரையோடு ஒட்டுகிறது, பின்பாகம் இடமும் வலமுமாக அசைகிறது, கண்பாவை முழுக்க விரிகிறது. பாய்ச்சல். லட்டுவின் கழுத்தில் வாய்.

“சண்டை போடுறாங்க” என்று அவர்கள் சொன்னது இதைத்தான். இது சண்டை இல்லை. சண்டையில் பூனை சீறும், உறுமும், முதுகை வளைக்கும். ராக்கி சத்தமே போடவில்லை. அது வேட்டையை முடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாகக் கையில் சிக்காத ஒன்றைத் துரத்தியிருக்கிறது. உடம்பு முறுக்கேறியிருக்கிறது. அந்த அறையில் கவ்வுவதற்கு இருந்தது லட்டு மட்டும்தான்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. லிட்டர் தட்டு ஒன்றே ஒன்று, சமையலறையை ஒட்டிய சர்வீஸ் ஏரியாவில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். அங்கே போக வர ஒரே வழி. ராக்கிக்குப் பிடித்த இடம் வாஷிங் மெஷினின் மேல்தளம். தட்டுக்குள் லட்டு கால் வைப்பதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே வரும் வழியில் விழும். நானாக இருந்தாலும் துணிக் கூடையைத்தான் தேடியிருப்பேன்.

இனம் எவ்வளவு தூரம் காரணம்?

“பெங்கால்னா அப்படித்தான் சார், அது புலி ரத்தம்” என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பாதி கதை. பெங்கால் இனத்தின் தொடக்கத்தில் சிறுத்தைப்பூனை இருப்பது உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சின்னக் காட்டுப்பூனை அது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி 1963ல் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப்பூனையையும் கலந்தார். பிறகு எண்பதுகளில், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஒரு விஞ்ஞானி உருவாக்கி வைத்திருந்த கலப்புப் பூனைகளை வாங்கி முறையாக இனப்பெருக்கம் செய்தார். 1986ல் சர்வதேசப் பூனைச் சங்கம் அதைப் புது இனமாக ஏற்றது. பெங்காலின் முடியில் தெரியும் தங்க மினுமினுப்பு வந்தது காட்டிலிருந்து இல்லை, தில்லி உயிரியல் பூங்காவில் காண்டாமிருகக் கொட்டடியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தெருப்பூனையிடமிருந்து. இதை நம் ஊர் பெங்கால் வியாபாரிகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

இன்றைய பெங்கால்களின் மரபணுவைப் படித்தவர்கள், அதில் சிறுத்தைப்பூனையின் பங்கு சராசரியாக நூற்றுக்கு நான்குகூட இல்லை என்கிறார்கள். ஆனாலும் இனத்துக்கும் துடிப்புக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 2021ல் வெளியிட்ட ஆய்வு, 4,300க்கும் மேற்பட்ட பூனைகளின் குணத்தை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. அதில் எல்லா இனத்திலும் அதிகத் துடிப்பானது பெங்கால். மிக மந்தமானவை பெர்சியனும் அதன் குட்டைமுடி உறவான எக்சாட்டிக்கும். அதாவது இந்தக் குடும்பம், தெரியாமலேயே, அளவுகோலின் இரு கோடிகளையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கடைக்கு ஒரு முறையும் இணையத்துக்கு ஒரு முறையும் போனதுதான் அவர்கள் செய்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பெர்சியன் என்று விற்கப்படும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு வம்சாவளிச் சீட்டு கிடையாது. முடி நீளமாக இருந்தால் பெர்சியன், உடம்பில் புள்ளி இருந்தால் பெங்கால். ராக்கிக்கும் சீட்டு இல்லை. ஆகவே இனப்பெயரை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் உடம்பைப் பார்ப்பதுதான் என் பழக்கம். மூக்கு, இதயம், மூட்டு, எடை, வயது. இவற்றைப் பார்த்த பிறகு இனம் எதைச் சொல்கிறதென்றால், பூனை எந்த மாதிரி விளையாட்டைக் கேட்கும் என்பதை. எத்தனை நிமிடம் என்பதை அல்ல.

இன்னொன்று, எந்த இனமாக இருந்தாலும் பூனை நெடுந்தூரம் ஓடும் பிராணி கிடையாது. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடுவது. பதுங்கிக் காத்திருக்கும், சில நொடி பாயும், பிடிக்கும், கடிக்கும், தின்னும், நக்கிக்கொள்ளும், தூங்கும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோ கலோரிதான் இருக்கிறது. ஒரு நாள் வயிற்றுக்கு எட்டு பத்து எலி வேண்டும், தவறவிட்ட பாய்ச்சல்கள் தனி. எனவே பூனையின் நாள் என்பது பத்துப் பதினைந்து குட்டி வேட்டைகள், நடுவே நீண்ட தூக்கம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஓடுவது நாய் வளர்ப்பவர்களிடமிருந்து வந்த யோசனை.

செய்த மாற்றங்கள்

லேசரை முதலில் நிறுத்தினோம். லேசர் விளையாட்டு அதிகமாக உள்ள வீடுகளில் பூனைகள் வெளிச்சத்தையும் நிழலையும் வெறித்துத் துரத்தும் பழக்கம் கூடுதலாகக் காணப்படுவதாக 2021ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ராக்கியும் கீழே போகும் கார் விளக்கு கூரையில் படும்போதெல்லாம் எழுந்து கத்திக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக் கச்சேரியில் பாதி அதுதான்.

அடுத்து, இரண்டு பூனைக்கும் விளையாட்டு நேரத்தைப் பிரித்தோம், நடுவே கதவைச் சாத்தி. லிட்டர் தட்டு மூன்று ஆனது: ஒன்று படுக்கையறையில், ஒன்று ஹாலில் இரு பக்கமும் திறந்த இடத்தில், பழையது பழைய இடத்தில். வாஷிங் மெஷின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்ததோடு ராக்கியின் காவல் கோபுரம் ஒழிந்தது. அதற்குப் பதிலாக ஹாலில் கூரைக்கு ஒரு முழம் கீழே பலகை அடித்துக் கொடுத்தோம். உயரம் பெங்காலுக்குத் தேவை. லட்டுவுக்கு ஜன்னல் திண்டுக்கு ஏற இரண்டு தாழ்ந்த படி.

ராக்கிக்கு யார் விளையாட்டுக் காட்டுவது என்பதில் சிக்கல். கணவன் மனைவி இருவருக்கும் மீட்டிங் முடியும் நேரம் தெரியாது. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, “நான் காட்டறேன் டாக்டரம்மா” என்றார். துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்கு உருவி, சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு பாவாடை நாடாவை முடிந்தார். தரையில் தினத்தாளை விரித்து, நாடாவை அதன் அடியில் விட்டு, ஈர்க்கை லேசாக இழுத்தார். சரக். நிறுத்தினார். ராக்கியின் காது இரண்டும் முன்னால் திரும்பின. சரக், சரக். மறுபடி நிறுத்தம். இந்த முறை நீண்ட நிறுத்தம். ராக்கி அசையவில்லை, வால் நுனி மட்டும் துடித்தது. நாடாவின் முனை தாளின் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவ்வளவுதான், தினத்தாளோடு சேர்த்து ராக்கி கவ்வி, பின்னங்காலால் உதைத்து, கிழித்துப் போட்டது.

மகன் ஆச்சரியமாகப் பார்த்தார். “எலி என்னடா, சுவத்துல பறந்தா போகும்? சந்துல நுழையும், நிக்கும், யாருமில்லைன்னா மறுபடி ஓடும்” என்றார் அம்மா. பத்தாயம் இருந்த வீட்டில் வளர்ந்தவர். பூனை எலி பிடிப்பதைப் பார்த்தே பொழுது போயிருக்கிறது.

அவர் சொன்னதையே முறையாக்கினோம். விடிகாலையும் இரவு படுக்கப் போகும் முன்பும் பத்து நிமிடம் போல, பகலில் முடிந்தால் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் பதுங்கல், பாய்ச்சல், பிடி, கடைசியில் சாப்பாடு. பிடிக்கவிட்டு முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. பொம்மையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பூனைக்கு ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் ஆர்வம் விழுகிறது, சற்றே வேறான பொம்மையைக் காட்டியதும் துள்ளி எழுகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2002லேயே காட்டிவிட்டார்கள். பூனைக்கு அலுத்தது விளையாட்டு இல்லை, அந்தப் பொம்மைதான். இன்று நாடா, நாளை கோழி இறகு, மறுநாள் உருட்டிய காகிதம். ஆட்டம் முடிந்ததும் நாடா அலமாரிக்குள் போய்விட வேண்டும். நூல், நாடா, ரப்பர் வளையம் எதையாவது பூனை விழுங்கினால் குடல் சுருங்கிக் கிழியும் அளவுக்குப் போகும். அறுவை செய்து எடுத்திருக்கிறேன்.

குறுகிய விளையாட்டு போதுமா என்று மகனுக்குச் சந்தேகம். எக்சிட்டர் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வு ஒன்றைச் சொன்னேன். வெளியே போய் எலி, பறவை பிடித்துவரும் பூனைகளோடு தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடினார்கள். அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. வேட்டை ஆசையில் கால்வாசியைப் பத்து நிமிடம் தணிக்கிறதென்றால் அது சின்ன விஷயமா?

ராக்கியின் உலர் உணவில் ஒரு பங்கை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு, மேலே கசக்கிய காகிதம் வைத்தோம். தோண்டித் தோண்டி எடுத்தது. லட்டுவுக்கும் அதே அட்டையை வைத்தால், பார்த்துவிட்டுக் கிண்ணத்துக்குப் போய்விட்டது. லட்டுவின் குற்றமில்லை. பல பிராணிகள் உழைத்துச் சாப்பிடுவதையே விரும்பும்போது, பூனை மட்டும் சும்மா கிடைப்பதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது என்று கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

லட்டுவின் திட்டத்தில் பயிற்சியின் பங்கு சிறிதுதான். எடை குறைப்பில் முக்கால் பங்கு கிண்ணத்தில்தான் நடக்கிறது. லட்டுவுக்கு ஏற்ற எடை சுமார் 4.8 கிலோ. அந்த எடைக்கு ஓய்வுநிலை ஆற்றல் தேவை நாளுக்கு ஏறக்குறைய 227 கிலோ கலோரி, அதில் எண்பது சதவீதம் என்றால் 180 சொச்சம். அவ்வளவுதான் உணவு, தராசில் நிறுத்து, நான்கு வேளையாக. அதுவரை கிண்ணம் எப்போதும் நிரம்பியே இருந்திருக்கிறது. வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைய விடவில்லை. குண்டுப் பூனையைப் பட்டினி போட்டால் இரண்டு மூன்று நாளில் கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும். எடை குறையவில்லை என்பதைவிடப் பெரிய ஆபத்து அது.

நகர்வதற்கு என்ன செய்தோமென்றால், உணவைக் கிண்ணத்தில் மொத்தமாக வைக்காமல், சில துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிவிட்டார்கள். லட்டு நடந்துபோய் எடுக்கும், திரும்பும், அடுத்தது மறுபக்கம். பொம்மை விளையாட்டு இரண்டு மூன்று நிமிடம், அதுவும் விடிகாலையில் அல்லது ஏ.சி. அறையில். படுத்தபடி முன்னங்காலால் தட்டினாலே போதும், பெர்சியனுக்கு அது ஆட்டம்தான். வாய் திறந்தால் உடனே நிறுத்து. கோடையில் அடிமுடியைக் கத்தரித்து விட்டோம். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தும் சிறு அறுவை பற்றியும் பேசினோம். எடை குறைந்த பிறகு மயக்க மருந்து கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று தள்ளி வைத்தோம்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட ஓட்டச் சக்கரம் ஒன்று மூலையில் நின்றது, நல்ல விலை கொடுத்தது. லட்டுவைத் தூக்கி அதில் வைத்துத் தின்பண்டம் காட்டியிருக்கிறார்கள். இனி வேண்டாம் என்றேன். ராக்கிக்கு அது இருக்கட்டும், விரும்பினால் ஓடட்டும். பெங்கால்கள் சக்கரத்தை ரசிக்கும். ஆனால் அதிலும் பிடிப்பதற்கு எதுவும் இல்லை என்பதால் அம்மாவின் நாடாவுக்கு அது மாற்றாகாது.

என்ன ஆனது

லட்டுவின் சிறுநீரில் ரத்தம் ஒரு வாரத்தில் நின்றது. தட்டுக்கு, குறிப்பாகப் படுக்கையறைத் தட்டுக்கு, திரும்பிவிட்டது. ஐந்து மாதத்தில் எடை 5.3 கிலோ. இப்போது அது படியேறி ஜன்னல் திண்டில் உட்கார்ந்து புறா பார்க்கிறது. முன்பு தூக்கி வைத்தால்தான் உண்டு. நடுவில் ஒரு முறை பிரச்சினை திரும்பியது, வீட்டுக்கு வெள்ளையடித்த வாரத்தில். அந்நிய ஆட்கள், பெயின்ட் வாசனை, இடம் மாறிய தட்டுகள். இந்த நோய் அப்படித்தான், போய்விட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ராக்கி லட்டுவின் கழுத்தைக் கவ்வுவது முதல் மாதத்திலேயே அபூர்வமாகிவிட்டது. இரவுக் கத்தல் குறைந்தது, நிற்கவில்லை. அம்மா ஊருக்குப் போன வாரங்களில் முழுசாகத் திரும்பி வந்தது, போனதும் வந்ததும் தேதியோடு பொருந்தியது. மருமகள் இதை ஒரு விதமாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது கணவனும் மனைவியும் முறை வைத்து விடிகாலை ஆட்டத்தை ஏற்றிருக்கிறார்கள்.

மற்ற இனங்கள் வந்தால்

இந்தக் கேஸைக் கேட்ட நண்பர்கள், “அப்ப எங்க வீட்டுப் பூனைக்கு?” என்று கேட்கிறார்கள். சயாமீஸ், அபிசீனியன் இரண்டும் துடிப்பில் பெங்காலுக்குப் பக்கத்தில் வருபவை, ஆனால் ஆட்டத்தைவிட ஆளைத் தேடுபவை. சயாமீஸை நாள் முழுக்கத் தனியாக விட்டால் எந்தப் பொம்மையும் உதவாது. தன் முடியைத் தானே அளவுமீறி நக்கி எடுக்கும் பழக்கம் ஹெல்சின்கி ஆய்வில் அந்த இனத்தில்தான் அதிகம் தெரிந்தது. அபிசீனியனுக்கு உயரம் வேண்டும், ஏறுவதற்குச் சுவரில் பலகை வேண்டும்.

மெய்ன் கூன் இப்போது சென்னையில் அதிகமாகக் கண்ணில் படுகிறது. பெரிய உடம்பைப் பார்த்து நிறைய ஓட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது மூன்று நான்கு வயதுவரை மெதுவாக வளரும் இனம், இடுப்பு மூட்டுக் கோளாறும் வரும். அதைவிட முக்கியம் இதயம். இதயத்தசை தடிப்புக்கான மரபணு மாற்றம் பூனைகளில் முதன்முதலில், 2005ல், கண்டுபிடிக்கப்பட்டதே மெய்ன் கூனில்தான். ராக்டாலில் வேறொரு மாற்றம் பிறகு கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டில் ஒன்று விளையாட்டின் நடுவே சட்டென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினால் சோம்பல் என்று விடாமல் எக்கோ எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இயல்பிலேயே அமைதி. அதற்குச் சவால் பயிற்சி இல்லை, கிண்ணம்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு பற்றித்தான் எனக்கு வருத்தம். காதை மடிக்கும் அதே மரபணு மாற்றம் உடம்பு முழுதும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. வால் விறைக்கும், கணுக்கால் தடிக்கும், குதிக்க வலிக்கும். “எங்க பூனை ரொம்ப சாது, ஏறாது, குதிக்காது” என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். அந்தப் பூனைக்கு முதலில் வலி மருந்து, தாழ்ந்த படி, வழுக்காத தரை. ஆட்டம் அதற்கப்புறம்.

நாட்டுப் பூனை? மூக்கு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, வெயில் தாங்கும். அடுக்ககத்தில் பூட்டி வைத்தால் ராக்கியைப் போலவே அதற்கும் அலுக்கும். அதற்கும் ஈர்க்கும் நாடாவும் போதும்.

கடைசியாகப் பார்க்க வந்தபோது அந்தத் தம்பதி ஒரு யோசனையோடு வந்தார்கள்: ராக்கிக்கு விளையாட்டுத் துணையாக ஒரு அபிசீனியன் குட்டி. ராக்கிக்கு அது பிடித்துக்கூடப் போகலாம். ஆனால் மூன்று பூனையில் இரண்டு வேட்டைக்காரர்கள் என்றால் லட்டுவின் சிறுநீர்ப்பை தாங்குமா என்று கேட்டேன். மனைவி உடனே தலையாட்டினார், கணவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். இப்போதைக்கு அந்தப் பணத்தில் பால்கனிக்கு வலை அடித்து, உள்ளே ஏறுபலகை வைப்பதாக முடிவு. ஒன்பதாவது மாடி. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். 1987ல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் தொண்ணூறு சதவீதம் பிழைத்தன என்ற கணக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்ததை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. வலைக்காரர் அடுத்த வாரம் வருகிறார். லட்டுவை 5 கிலோவுக்குக் கீழே வந்ததும் மூக்கு அறுவைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், தனிக் கூடையில்.